பவுன்ராசுவின் வலது கால்

ஆக்சில் எந்த இடத்தில் உடைந்தது என்று நான் சொல்லட்டுமா, தம்பி? மலைப்பாதையில் ஏணிக்கல் ஏற்றம். அதில் மூன்றாவது படி. வலது முன்சக்கரம் கல்லை விட்டு எழும்பி அந்தரத்தில் தொங்கியிருக்கும். வண்டி நகரவில்லையே என்று நீங்கள் ரேஸ் கொடுத்திருப்பீர்கள். தொங்குகிற சக்கரம் காற்றில் சும்மா சுற்றும். சுற்றின வேகத்தோடு கல்லில் வந்து உட்கார்ந்தால் எந்த ஆக்சில் தாங்கும்? பட்டென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் இஞ்சின் கத்துமே தவிர வண்டி அசையாது.

எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? கீழ்முட்டம் ஒர்க்‌ஷாப் வாசலில் சிவப்பு வண்டி நிற்கிறது, கோயம்புத்தூர் நம்பர். உங்கள் பனியனில் ஜீப் படம் போட்டு ஏதோ கிளப் பெயர் எழுதியிருக்கிறது. இதற்கு ஜோசியம் வேண்டாம். வெளியூரிலிருந்து புது வண்டி கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் அந்த மூன்றாவது படியில்தான் உடைக்கிறார்கள். வருத்தப்படாதீர்கள்.

பையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்காருங்கள். பஸ் போடி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். எனக்கும் இன்றைக்கு யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கிறது.

என் பெயர் சன்னாசி. தோழர் சன்னாசி என்று சொன்னால் சாம்பல்மொட்டை மலையில் தெரியாதவர் கிடையாது. அந்த மலையில் ஓடுகிற நாற்பத்திரண்டு ஜீப்புக்கும் சங்கம் உண்டாக்கியவன் நான். பள்ளிக்கூடம் ஏழாவது வரைதான். மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தது. அதனால் நான் பேசுவதே அச்சடித்ததுபோல் இருக்கிறதென்று பையன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். நான்கு தரம் ஜெயிலுக்குப் போயிருக்கிறேன். கேலி செய்கிற ஒருத்தனும் ஒரு ராத்திரி லாக்கப்பில் இருந்ததில்லை.

இன்றைக்கு ஒரு ஆளுக்கு நான் நல்லது செய்யப் போனேன். அவன் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். ஐம்பது பேருக்கு முன்னால். இது நியாயமா என்று நீங்கள் சொல்ல வேண்டும். நீங்கள் வெளியூர். உங்களுக்கு இந்தப் பக்கமும் ஆள் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. அதனால்தான் கேட்கிறேன்.

முதலில் ரேஸ் விஷயத்தை உங்களுக்குப் புரியவைக்க வேண்டும். நீங்கள் வண்டி ஓட்டுகிறவர், சீக்கிரம் பிடித்துக்கொள்வீர்கள்.

கல்லில் ஏற இரண்டு விதம் உண்டு. ஒன்று ஊர்ந்து ஏறுவது. லோ கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இஞ்சின் தன் பாட்டுக்கு இழுக்கும். ஒரு சக்கரம் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அடுத்த சக்கரம். ஆள் நடக்கிறதைவிட மெதுவாகப் போகும். வண்டிக்குள் வைத்த டீ கிளாஸ் சிந்தக் கூடாது. இன்னொரு விதம், கீழே இருந்தே ரேஸ் கொடுத்து எகிறி ஏறுவது. பார்க்க வீரமாக இருக்கும். டூரிஸ்டுகள் கூச்சல் போட்டு வீடியோ எடுப்பார்கள். ஆனால் சுற்றுகிற சக்கரம் பாதையைத் தோண்டும். சின்னக் கல்லெல்லாம் பறந்துபோய்ப் பெரிய கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த வண்டிக்காரன் பாடு திண்டாட்டம்.

நான் சங்கம் ஆரம்பித்த காலத்தில் எல்லாரும் இரண்டாவது விதம். காரணம் யார்? மேலே விடுதி நடத்துகிற முதலாளி. ஒவ்வொரு ஜீப்பும் ஒரு நாளைக்கு மூன்று தரம் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒன்பது கிலோமீட்டர் கல்லு. மூன்று தரம் ஏற வேண்டும் என்றால் எவன் ஊருவான்? வண்டி உடைந்தால் டிரைவர் பாடு, இடுப்பு போனாலும் டிரைவர் பாடு. பாதை குழியானால் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கல் பொறுக்கிப் போட்டு அடைப்பதும் டிரைவர்தான்.

நான் பதினோரு நாள் வண்டி ஓடாமல் நிறுத்தினேன். ஒரு நாளைக்கு இரண்டு தரத்துக்குமேல் ஏறுவதில்லை என்று எழுதி வாங்கினேன். அதோடு விட்டேனா? ஒரு பிரசுரம் எழுதினேன். பதினாறு பக்கம். தலைப்பு ‘அழுத்தாதே’. அதில் முதல் வரி என்ன தெரியுமா? ‘ரேஸ் என்பது அவசரம், அவசரம் என்பது முதலாளியின் லாபம்.’ இன்றைக்கும் அங்கே டிரைவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். சங்கத்தின் ஏழாவது விதியும் நான் எழுதியதுதான். மலைப்பாதையில் ரேஸ் கொடுத்தால் முதல் தரம் ஒரு வாரத்துக்குச் சவாரி முறை கிடையாது. இரண்டாம் தரம் ஒரு மாதம். மூன்றாம் தரம் பெயரையே எடுத்துவிடுவது. பெயர் போனால் அந்த மலையில் சவாரி ஏற்ற முடியாது. கண்காணிக்க இரண்டு தோழர்களை நோட்டும் கையுமாகப் பாதையில் நிறுத்தினேன்.

சிரிக்காதீர்கள். மூன்று வருஷத்தில் உடைந்த ஆக்சில் இரண்டே இரண்டு. சரியா தப்பா?

சரிதான். ஏணிக்கல்லைப் பொறுத்தவரை சரிதான்.

ஆனால் ஏணிக்கல்லுக்கு மேலே சவுக்காரச் சரிவு என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் அதுவரை போயிருக்க மாட்டீர்கள். முந்நூறு அடி நீளம். காய்ந்திருந்தால் ஒன்றுமில்லை, மாடுகூட ஏறும். மழை பெய்தால் சிவப்புக் களிமண். அதன்மேல் கோலிக்குண்டு மாதிரிச் சரளை. பெயரே சொல்கிறதே, சோப்பு மாதிரி வழுக்கும். அங்கே ஊர்ந்து போனால் பாதியில் நின்றுவிடும். நின்றால் பின்னால் வழுக்கும்.

இதைப் பவுன்ராசு சொன்னான். சொன்னான் என்பதை நான் மறைக்கவில்லை. பொதுக்குழுவில் எழுந்து நின்று சொன்னான்.

பவுன்ராசுதான் நான் சொல்ல வந்த ஆள். அப்போது நாற்பது வயது இருக்கும். குள்ளமான ஆள், பேச்சு கம்மி. வண்டியில் ஏறினதும் வலது செருப்பை மட்டும் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவான். வெறுங்காலை ஆக்சிலேட்டரில் வைத்தால்தான் அவனுக்கு வண்டி பேசுகிறது தெரியுமாம். அந்த மலையில் அவனைவிட நல்ல டிரைவர் கிடையாது. இதையும் நான் மறைக்கவில்லை.

அவன் எழுந்து, “தோழர், கல்லுக்கு ஒரு சட்டம், சகதிக்கு ஒரு சட்டம். சவுக்காரச் சரிவுல கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே பிடியா ரேஸ் வேணும். ஏழாவது விதில அதை மட்டும் சேர்த்துக்குங்க” என்றான்.

நான் மேடையில் இருந்தேன். மைக் என் கையில். நான் சொன்னேன், “பவுன்ராசுவோட வலது கால்ல மட்டும் இன்னும் முதலாளி குடியிருக்கார் போல.”

கூட்டம் சிரித்தது. பெரிய சிரிப்பு. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அதிலிருந்து அவனுக்கு ‘மொதலாளிக்கால்’ என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. அது நான் வைத்ததில்லை, பையன்கள் வைத்தது. டீக்கடையில் அவன் வந்தால், “மொதலாளி, காலை மடக்கி உக்காருங்க” என்பார்கள். நான் ஒரு தரம்கூட அப்படிக் கூப்பிட்டது கிடையாது.

விதியில் விலக்கு கொடுத்தால் என்ன ஆகும்? இன்றைக்குச் சவுக்காரச் சரிவு என்பான், நாளைக்கு இன்னொருத்தன் ஏணிக்கல்லும் ஈரமாக இருந்தது என்பான். கோட்பாடு என்றால் கோட்பாடு. நான் அப்போது ஸ்டியரிங்கைக் கடைசியாகத் தொட்டுப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. அதனாலென்ன? கொள்கைக்கு ஸ்டியரிங் வேண்டியதில்லை.

அந்த மழைக்காலத்தில் இரண்டு தரம் அவனைக் கண்காணிப்புத் தோழர்கள் பிடித்தார்கள். இரண்டு தரமும் சவுக்காரச் சரிவில். முதலில் ஒரு வாரம், பிறகு ஒரு மாதம் முறை போயிற்று. இனி ஒரு தரம் என்றால் பெயர் போய்விடும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஐப்பசி. ஒன்பது வருஷம் ஆகிறது. மேல் லயத்தில், தோட்டக் குடியிருப்பில், தேயிலை பறிக்கிற பெண்களுக்கு போனஸ் விஷயமாக ஒரு கூட்டம். நான் போக வேண்டும். முறைப்படி வந்தது பவுன்ராசு வண்டி. நான் முன் சீட்டில். பின்னால் மைக் பெட்டி, அதோடு இரண்டு பெண்கள், சந்தைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள். ஒருத்தி பெயர் முத்துப்பேச்சி. இன்னொருத்தி அவள் நாத்தனார்.

ஏணிக்கல்லில் அவன் ஏற்றின ஏற்றத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பின்னால் முத்துப்பேச்சி மடியில் முட்டை வைத்திருந்தாள், ஒன்று உடையவில்லை. ஏணிக்கல் தாண்டினதும் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை.

சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, இறங்கி மேலே வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தான். பிறகு ஏறினான். ஏற்றத்தில் ரேஸ் கொடுத்தான். மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருப்போம். வண்டி நின்றது. பின்னால் வழுக்கியது. பக்கத்துப் பாறையில் மோதிச் சாய்ந்தது.

யாரும் சாகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பவுன்ராசுவுக்கு விலா எலும்பு இரண்டு. நாத்தனார்க்காரிக்குத் தலையில் தையல். முத்துப்பேச்சிக்கு இடுப்பு. கம்பி வைத்தார்கள், சரியாகக் கூடவில்லை. அதற்கப்புறம் அவள் தேயிலை பறிக்கப் போக முடியவில்லை. தடி ஊன்றித்தான் நடக்கிறாள். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து சங்கத்தில் விசாரணை வைத்தோம். தலைவர் நான். சாட்சியும் நான், வண்டிக்குள் இருந்தேனே. செயலாளர் கேட்டார், டிரைவர் ரேஸ் கொடுத்தாரா? கொடுத்தார் என்றேன். சரிவில் மேலே நின்ற கண்காணிப்புத் தோழர்கள் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். சக்கரம் சுற்றினதை, சேறு பறந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பொய் ஒரு வார்த்தை கிடையாது. பவுன்ராசுவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டோம். மார்பில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான். ஒன்றுமில்லை என்றான்.

மூன்றாம் தரம். பெயரை எடுத்தோம். கையெழுத்து போட்டது நான்தான், வேறு யார் போடுவது?

பிரசுரம் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஒன்பதாம் பக்கத்தில் ‘ஓர் எச்சரிக்கை’ என்று அந்த விபத்தைச் சேர்த்தேன். பெயர் போடவில்லை. ‘ஓர் ஓட்டுநரின் அவசரத்தால் ஒரு பெண் தொழிலாளியின் இடுப்பு’ என்று ஆரம்பிக்கும். பெயர் போடாவிட்டால் என்ன, மலை முழுக்கத் தெரியும். புதிதாகச் சேருகிற டிரைவர்களை அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்க வைப்பார்கள். அது நான் சொல்லிச் செய்ததில்லை. வழக்கமாகிவிட்டது.

பவுன்ராசு வண்டியை விற்றுவிட்டான். வேறு எங்கேயும் போகவில்லை. அதே ஊரில் ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கிற வேலை. டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டவர்களிடமும் போகவில்லை. முத்துப்பேச்சி வீடும் அவன் வீடும் ஒரே வரிசை, நடுவில் மூன்று கதவு. அவன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டுவாளாம். சில நாள் திட்டுவாள். “என் இடுப்பைத் தின்ன காலு போகுது பாரு” என்பாளாம். அவன் நின்று கேட்டுவிட்டுப் போவானாம். அவளுக்கு விறகு தீர்ந்துபோனால் வாசலில் ஒரு கட்டு கிடக்கும் என்கிறார்கள். யார் போட்டது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், விசாரிப்பேன். போடியில் குடியிருந்தாலும் மேலே இருந்து யார் வந்தாலும் விசாரிப்பேன். பவுன்ராசு எப்படி இருக்கிறான் என்று கேட்பேன். என்ன தோழர், சங்கத்தை விட்டு நீக்கினவனை இவ்வளவு விசாரிக்கிறீங்களே, பெரிய மனசு உங்களுக்கு என்பார்கள். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கண்டக்டர் எதற்கு விசில் அடிக்கிறார்? லாரி வருகிறதா? சரி.

போன மாதம் பவுன்ராசு சங்கத்துக்கு மனு போட்டான். மச்சினன் ஒருத்தன் வண்டி தருகிறானாம். திரும்ப முறையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வரி மனு. புதுச் செயலாளர் தங்கமாயன் எனக்குப் போன் செய்தான். “தோழர், நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிரும். ஒன்பதாம் பக்கத்து ஆள்னு பையங்க எதிர்க்கிறாங்க” என்றான்.

நான் சும்மா போகவில்லை, தம்பி. முன்கூட்டியே வேலை செய்தேன். நேற்றே மேலே போய் முத்துப்பேச்சியைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், எழுந்திருக்க முடியவில்லை, உட்காரச் சொன்னேன். பழசை மறந்து அவனை மன்னித்துவிடு தாயி என்று எடுத்துச் சொன்னேன். அரை மணி நேரம். அவள் அழுதாள். “தோழரே வந்து கேக்கும்போது நான் என்ன சொல்ல? உங்களுக்கும்தான அன்னைக்கு உசுருக்கு வந்துச்சு. நீங்களே மன்னிச்சுட்டீங்க. நானும் மன்னிச்சுட்டேன்” என்றாள்.

அவள் கொடுத்த காப்பியைக் குடிக்க முடியவில்லை. சர்க்கரை அதிகம்.

இன்றைக்குக் காலையில் பொதுக்குழு. எனக்குத் துண்டு போட்டார்கள். நாற்பது நிமிஷம் பேசினேன். பதினோரு நாள் போராட்டத்தில் ஆரம்பித்தேன். பழைய ஆட்கள் கண் கலங்கினார்கள். கடைசியில் பவுன்ராசு விஷயத்துக்கு வந்தேன். தவறு செய்வது மனித இயல்பு என்றேன். தவறு செய்த தோழனைத் திருத்திச் சேர்த்துக்கொள்வதுதான் தொழிலாளி வர்க்கத்தின் பண்பு என்றேன். அவனால் பாதிக்கப்பட்ட பெண்ணே மன்னித்துவிட்டாள், நாம் மன்னிக்கக் கூடாதா என்றேன். முத்துப்பேச்சி முன்வரிசையில் தடியோடு உட்கார்ந்திருந்தாள், அவளைக் கையால் காட்டினேன். எதிர்த்த பையன்களே கை தட்டினார்கள். பவுன்ராசுவை மன்னித்து முறையில் சேர்ப்பது என்று தீர்மானம். ஒரு கை எதிர்க்கவில்லை.

நான் பேசி ஜெயிக்காத கூட்டம் கிடையாது.

தங்கமாயன் அவனைக் கூப்பிட்டு, நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னான். பவுன்ராசு கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. நோட்டைப் படித்தான். நின்றுகொண்டே முழுவதும் படித்தான். ‘மன்னித்து’ என்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“தோழர், ஒண்ணே ஒண்ணு. அன்னைக்குச் சரிவுல நான் அழுத்தினேனா, காலை எடுத்தேனா? அதை மட்டும் சொல்லிட்டு உக்காருங்க. மன்னிப்பு வேணுமா வேணாமான்னு நான் சொல்றேன்.”

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரிக் கேட்டான்.

மைக் என் கையில்தான் இருந்தது, தம்பி.

நாற்பது வருஷமாகக் காகிதம் இல்லாமல் பேசுகிறவன். போலீஸ் அதிகாரிக்கு எதிரில் பேசியிருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் தடியடிக்கு நடுவில் பேசியிருக்கிறேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பது பேர். முத்துப்பேச்சி அவனைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். தங்கமாயன் நல்ல பையன், எழுந்து வந்து, “தோழருக்கு வயசாயிருச்சு, பழசைக் கிளற வேணாம், எல்லாரும் டீ சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டான். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

பவுன்ராசு பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தான். அவன் மனுவை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “அப்ப வேணாம் தோழர்” என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அவ்வளவுதான். முத்துப்பேச்சி தடியைத் தட்டவில்லை.

இது நன்றி கெட்டத்தனமில்லையா? சேர்த்துக்கொண்டாயிற்று. வண்டி ஓட்ட வேண்டியதுதானே? ஒரு வார்த்தைக்காகவா? ஒன்பது வருஷம் வாயைத் திறக்காதவன் இன்றைக்குத்தானா கேட்க வேண்டும்?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள். நீங்களும் டிரைவர்தானே.

என்ன?

ஆமாம். அவன் கேள்விக்குப் பதில் நான் உங்களுக்கும் சொல்லவில்லை.

சரிவுக்குக் கீழே இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்தான் என்று சொன்னேன் அல்லவா? வந்து உடனே ஏறவில்லை. நனைந்துபோய் என் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அனுமதி கேட்டான். “தோழர், திரும்பிருவோம். இல்ல, ஏறணும்னா கீழ இருந்து ஒரே பிடியா ரேஸ் குடுத்துத்தான் போகணும். நடுவுல விட்டா வண்டி நம்ம கையில இல்ல. எனக்கு ரெண்டு தரம் ஆயிருச்சு. நீங்க சரின்னாத்தான் போவேன்” என்றான். மேலே கூட்டம் காத்திருந்தது. அறுபது பெண்கள் மழையில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள். நான், சரி, அளவாகக் கொடு என்றேன்.

ஏறினான். என்ன அழகாக ஏறினான் தெரியுமா? சேறு கூரைக்குமேல் பறக்கிறது, வண்டி இடமும் வலமும் ஆடுகிறது, அவன் கால் மட்டும் அசையவே இல்லை. வெறுங்கால். அமுக்கின இடத்திலேயே அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் நூறு அடி. அப்போது நான் நிமிர்ந்து பார்த்தேன். சரிவின் உச்சியில் கண்காணிப்புத் தோழர்கள் இரண்டு பேரும் ஒரு குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். எங்களைத்தான் பார்க்கிறார்கள். தலைவர் உட்கார்ந்த வண்டி, சக்கரம் சுற்றி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஏறுகிறது. சாயங்காலம் டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதுதான் தோன்றியது, தம்பி. உயிர்ப் பயம்கூட இல்லை.

“காலை எடு” என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இமைக்கிற நேரம். நான் மறுபடியும், “எடுய்யா காலை, விதி என்ன ஆச்சு?” என்றேன்.

எடுத்துவிட்டான். தலைவர் சொன்னார், எடுத்துவிட்டான். அந்தக் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்ததை நான் பார்த்தேன். விரல்களெல்லாம் விரிந்து, பாதம் மேலே வந்தது. சத்தம் அடங்கிவிட்டது. ஒரு மூச்சு நேரம் வண்டி சும்மா நின்றது. அந்த அமைதியில் பின்னால் முத்துப்பேச்சி, “ஏறிட்டமா?” என்று நாத்தனாரிடம் கேட்டாள். பிறகு வழுக்கியது.

மழைச் சத்தத்திலும் இஞ்சின் சத்தத்திலும் நாங்கள் கீழே பேசியதும், நான் ஏற்றத்தில் சொன்னதும் பின்னால் யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்கும் எனக்கும்தான் தெரியும். அவன் விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? கட்டுப்பாடு. சங்கக் கட்டுப்பாடு தெரிந்தவன். அது முதலாளி எங்கள் சங்கத்தை உடைக்கக் காத்துக்கொண்டிருந்த நேரம். தலைவர் பெயர் கெட்டால் சங்கம் போய்விடும் என்று நினைத்திருப்பான். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால், நானே சொல்வேன் என்று காத்திருந்தானோ என்னவோ. அந்த யோசனை எனக்கு இப்போது பஸ்ஸில் ஏறின பிறகுதான் வந்தது.

இல்லை. முன்னாலும் வந்திருக்கிறது.

பாருங்கள், உங்களிடம் சொல்லிவிட்டேன். சிரமமே இல்லை. நீங்கள் போடியில் இறங்கி கோயம்புத்தூர் பஸ் பிடித்துப் போய்விடுவீர்கள். உங்களிடம் சொன்னால் எனக்கு என்ன நஷ்டம்? மேலே ஐம்பது பேரிடம் சொல்ல வேண்டியது. அவர்களில் எனக்குத் துண்டு போட்டவர்கள் இருந்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு அறிக்கையாக எழுதலாம் என்றிருக்கிறேன். நான்கு பக்கம். அன்றைய அரசியல் சூழ்நிலை, நிர்வாகத்தின் சதி, எல்லாம் விளக்கி, கடைசியில் ‘தலைமையின் தரப்பிலும் சில வழிகாட்டுதல் குறைபாடுகள்’ என்று... ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்?

என்ன இது, போனை ஏன் என்னிடம் நீட்டுகிறீர்கள்?

பவுன்ராசு நம்பர் தெரியும். மனப்பாடம். ஒரு தரம்கூட அடித்ததில்லை. ஆனால் இப்போது வேண்டாம், தம்பி. மலையில் வண்டி ஓட்டுகிறவனை நடுவழியில் போனில் கூப்பிடக் கூடாது. சங்கத்தில் அப்படி ஒரு தீர்மானம் உண்டு, நானே எழுதியது.

ஆமாம்.

ஆமாம், அவன் வண்டி ஓட்டவில்லைதான்.

சரி. நீங்களே அழுத்துங்கள், எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஒன்பது, நான்கு, நான்கு... இருங்கள், அவசரப்படாதீர்கள். அவனுக்கல்ல. முதலில் தங்கமாயனுக்குப் போடுங்கள், அந்த நம்பர் சொல்கிறேன். அந்தப் பையன்கள் இன்னும் டீக்கடையில்தான் இருப்பார்கள். ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். முத்துப்பேச்சி வீட்டுக்குப் போயிருந்தால் கூட்டிவரச் சொல்லுங்கள், மெதுவாகத்தான் வருவாள், நான் காத்திருக்கிறேன்.

மணி அடிக்கிறதா? கொடுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள், தம்பி.